மழை பெய்தால் ரோட்டு வேலை இல்லை

தம்பி,

நீ கப்பல் ஏறிப் பதினேழு நாளாகிறது. துறைமுகத்திலிருந்து திரும்பிய அன்றே உன் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மறுநாள் அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்ததால் மறுபடியும் விரித்துப் போட்டுவிட்டேன். இப்போது அதில் பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருக்கிறேன். சாயந்தரம் வேலை விட்டு வந்தால் பக்கத்து அறைக்காரர், "மகன் போய்ச் சேந்துட்டானா?" என்கிறார். "இன்னும் இல்ல, கடல்லதான் இருக்கான்" என்கிறேன். அதற்கு மேல் பேச எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. நீல ஏர் லெட்டர் தாள் ஒன்று வாங்கி உனக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதுமே, நான் சொல்ல வேண்டியது அதில் அடங்காது என்று தெரிந்துவிட்டது. தேக்காச் சந்தையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். இது விமானத்தில் போகும். நீ சீமையில் இறங்கும்போது உனக்கு முன்னாலேயே போய்க் காத்திருக்கும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள்.

நீ நர்ஸ் வேலை படிக்கப் போகிற ஆஸ்பத்திரியில் மனம் நொந்துபோன சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள், மூன்றாம் வருஷத்தில் அவர்கள் பக்கமே வேலை கேட்டு வாங்கிக்கொள்வேன் என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். அந்த மாதிரிப் பிள்ளைகளில் ஒருவனாக நீயும் இருந்தாய். அதில் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று இந்தப் பதின்மூன்று வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் பேச்சை எடுத்ததில்லை. அதனால் உனக்குத் தெரியும், தெரியாது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அப்போது நாம் பொத்தோங் பாசிரில் இருந்தோம். ஆற்றை ஒட்டிய பள்ளமான இடம். சுற்றிலும் சீனர்களின் காய்கறித் தோட்டம், நடுவில் பத்துப் பன்னிரண்டு அத்தாப்பு ஓலைக் குடிசைகள். நம்முடையது கடைசிக் குடிசை. நான் முனிசிபலில் ரோட்டு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு ஆறு வயது முடிந்து, பள்ளிக்கூடம் சேர்க்க எழுதிக் கொடுத்திருந்தோம். அதற்காகச் சிராங்கூன் ரோட்டில் உன் அம்மா உனக்கு ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கி வந்தாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. நீ தினமும் அதைக் காலில் மாட்டிக்கொண்டு கட்டில்மேல் நடப்பாய். ஒருநாள் காலையில் மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சேற்றில் மிதித்துவிட்டாய். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உன்னைப் பிடித்து இழுத்துத் தொடையில் அடித்தேன். "இனிமே இது ஒருதடவ நனைஞ்சுச்சு, தோலை உரிச்சுடுவேன்" என்றேன். உன் அம்மா குறுக்கே வந்தாள். "சின்னப் பய, ஆசைக்குப் போட்டுக்கிட்டான். கழுவினா போயிடும். அதுக்கு இப்படியா அடிக்கிறது?" என்றாள். நான் அவளையும் திட்டிவிட்டு, ஊற்றி வைத்திருந்த கோப்பியைக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவளோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்று பத்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. பிற்பகலில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, ஆறு தோட்டங்களுக்குள் ஏறியது. அதற்கு முன்பும் அங்கே தண்ணீர் வந்ததுண்டு. முழங்கால் வரை வந்து வடிந்துவிடும். அந்த நினைப்பில் உன் அம்மா சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றியிருக்கிறாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, பக்கத்துத் தோட்டக்காரர் ஆ செங்கின் கோழிக்கூண்டுக் கூரைமேல் உட்கார வைத்திருக்கிறாள். அது பலகையடித்த உறுதியான கூரை. அவளும் உன் பக்கத்தில் ஏறியிருக்கலாம். ஏறாமல் திரும்பிக் குடிசைக்குள் போனாள். ஆற்றுப்பக்கச் சுவர் அப்போதுதான் சாய்ந்தது. ஆ செங் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு மரத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து உன்னை அதில் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோனார். ஐந்து மணிக்கு நான் ஓடிவந்தபோது அவர் ரோட்டோரம் நின்றிருந்தார். எனக்கும் அவருக்கும் சந்தை மலாய்தான் பொதுப் பாஷை. "புடாக் அடா" என்றார், பிள்ளை இருக்கிறான் என்று. பிறகு, "எமாக் தடா" என்றார். தாய் இல்லை.

மறுநாள் பாலத்துக்குக் கீழே அவள் கிடைத்தாள். அடக்கத்துக்கு உன்னைக் கூட்டிப்போகவில்லை. குழந்தைக்கு எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வெள்ளத்துக்காகத் திறந்துவிட்டிருந்த பள்ளிக்கூடத்தில் ஆ செங்கின் மனைவியிடம் நீ இருந்தாய். நான் வந்ததும், "அம்மா எங்க?" என்று கேட்டாய். "அம்மா ஊருக்குப் போயிருக்கா. வந்துருவா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. முனிசிபலில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் தொழிலாளர் லைனில் இந்த அறையைக் கொடுத்தார்கள். இங்கே வந்த பிறகும் நீ தினமும் கேட்டாய், நானும் தினமும் அதையே சொன்னேன். ஒருநாள் இந்தியாவிலிருந்து என் அண்ணன் எழுதிய கடிதம் வந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இதோ, அம்மா எழுதியிருக்கா பாரு. உன்ன நல்லாச் சாப்பிடச் சொல்லியிருக்கா" என்று படித்துக் காட்டினேன். நீ என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாய். அன்றிலிருந்து நீ பேசவில்லை.

ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்றிருந்தேன். ஒரு மாதம் போயிற்று. குழாயடிக்குக் கூட்டிப்போனால் உடம்பை விறைத்துக்கொள்வாய். ஈரத்துணியால் துடைத்துவிடத்தான் முடிந்தது. மழை இரைந்தால் மேசைமேல் ஏறிக் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். மழை நின்று அரைமணி கழித்துத்தான் இறங்குவாய். பள்ளிக்கூடத்தில் நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பேச்சு வந்த பிறகு அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லைனில் இருந்தவர்கள் பயந்த கோளாறு என்றார்கள். கயிறு கட்டினேன், திருநீறு போட்டேன். கடைசியில் முனிசிபல் மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு டாக்டர் இருக்கிறார், போய்ப் பாரும் என்றார்.

அந்த டாக்டர் வெள்ளைக்கார அம்மா. அவரோடு வேலை செய்தவர் மிஸ் நேசம் என்கிற இலங்கைத் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருப்பார். டாக்டர் உன்னைச் சோதித்துவிட்டு, உடம்பில் குறை இல்லை, புதன்கிழமை தோறும் கொண்டு வரவேண்டும் என்றார். மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மிஸ் நேசம் ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். அதில் மணல் நிரப்பிய தட்டு, பொம்மைகள், ஒரு சின்ன மரவீடு, களிமண், ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர். "தகப்பனும் உள்ள வரவேணும்" என்றார்.

"நான் வெளிய இருக்கேன் மிஸ். வைத்தியம் பிள்ளைக்குத்தான?"

"வாரத்தில ஒரு மணித்தியாலம்தான் பிள்ளை என்னோட இருக்கும். மிச்ச நேரம் எல்லாம் உங்களோட. உங்களை வெளியில விட்டிட்டு நான் என்ன செய்யிறது? கீழ இருங்கோ. ஒண்டும் கேட்காதேங்கோ, ஒண்டும் காட்டிக் குடுக்காதேங்கோ. பிள்ளை என்ன செய்யுதோ அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில இருங்கோ. போதும்."

தார் ஒட்டிய காக்கிச் சட்டையோடு அந்தச் சுத்தமான தரையில் சம்மணமிட்டு உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. நீ முதல் இரண்டு புதன்கிழமைகள் கதவோரமே நின்றாய். மூன்றாவது வாரம் மணல் தட்டருகே வந்து, மரவீட்டை அதில் வைத்து, மேலே மணலைக் கொட்டி மூடினாய். வீடு மறைந்ததும் தோண்டி எடுத்தாய், மறுபடி மூடினாய். ஒரு மணி நேரமும் அதுதான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா அதையே செய்யுற?" என்று கேட்டுவிட்டேன். நீ எழுந்து கதவோரம் போய்விட்டாய். மிஸ் நேசம் என்னைக் கோபிக்கவில்லை. "சரி, அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார். கேள்வி கேட்காமல் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, ரோலரை மேட்டில் ஏற்றுவதைவிடக் கஷ்டமான வேலை. எனக்கு அது படிய ஆறு வாரம் ஆயிற்று. உன்னிடம் வருகிற தகப்பன்மார்களும் என்னைப் போல்தான் இருப்பார்கள். அவசரப்படுவார்கள், குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுப்பார்கள். வெளியே போகச் சொல்லிவிடாதே.

ஒரு புதன்கிழமை உன்னை ஒரு நர்ஸிடம் விட்டுவிட்டு, மிஸ் நேசம் என்னைத் தனியாக உட்கார வைத்தார். "தாயைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னதையும், கடிதம் படித்துக் காட்டியதையும் சொன்னேன்.

"பிள்ளை தாயைக் கடைசியா எங்க கண்டது?"

"தண்ணியில."

"அப்ப அதுக்குத் தெரியும்."

"ஆறு வயசுப் பிள்ளை மிஸ். அதுக்கு என்ன தெரியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தன்ர கண்ணால கண்டதைத் தகப்பன் நடக்கேல்லை எண்டு சொன்னால், பிள்ளை எதை நம்புறது? தன்ர கண்ணையோ, உங்களையோ? ரெண்டையும் விட ஏலாமல்தான் அது வாயை மூடிக்கொண்டு இருக்கு எண்டு நான் நினைக்கிறன். நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்ல ஏலாது."

அவள் செத்துப்போய்விட்டாள் என்று நான் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லைனில் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்ல வேண்டி வரவில்லை. அந்த வாரம் முழுவதும் ரோலர் ஓட்டும்போது அந்தச் சத்தத்துக்குள் உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா செத்துப்போயிட்டாடா." முன்னால் கொடி பிடித்துக்கொண்டு நடந்தவனுக்குக் கேட்காது. முதல் இரண்டு நாள் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் முழுசாக வந்தது. அன்று நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த புதன்கிழமை நீ தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாய். அந்தத் தொட்டியை நீ தொட்டது அன்றுதான் முதல் தடவை. ஒரு சின்னக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, அம்மா ஊருக்குப் போகல. வெள்ளத்துல செத்துப்போயிட்டா. அந்தக் கடிதாசி பெரியப்பா எழுதினது. அப்பா பொய் சொல்லிட்டேன்" என்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து நீ எழுந்துபோய்க் களிமண்ணில் இரண்டு துண்டு பிய்த்து, நீளமாக உருட்டி, ஒன்றாக வைத்துத் தண்ணீரில் போட்டாய். அவை மூழ்கின. "சப்பாத்து" என்றாய். நாலு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட உன் குரல். கரகரவென்று வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"சப்பாத்தா?" என்றேன்.

"நனைஞ்சுரும்னு அழுதேன். அம்மா எடுக்கப் போனாங்க. நான்தான் கேட்டேன்."

எதற்காக அவள் திரும்பிப் போனாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நகைக்காக, ரேஷன் காகிதத்துக்காக என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். நீ அந்தக் கூரைமேல் உட்கார்ந்து அழுததும், எதற்குப் பயந்து அழுதாய் என்பதும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அழாதே, உன்மேல் தப்பில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். அது போதாது என்று மட்டும் எனக்குப் பட்டது. "நீ எதுக்கு அழுத? அப்பா அடிப்பேன்னு பயந்துதான?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாய். "அப்ப அது என் தப்பு. உன்னுது இல்ல. நான் அடிச்சது தப்பு, மிரட்டுனது தப்பு" என்றேன். நீ வந்து என் மடியில் உட்காரவில்லை, அப்படியெல்லாம் நடக்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு அந்த இரண்டு களிமண் துண்டுகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது முதல் தடவையாக என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னும் ஏழு மாதம் அந்த அறைக்குப் போனோம். குளிப்பதற்கு மிஸ் நேசம் ஒரு வழி சொன்னார்: முதலில் நீ என் தலையில் ஊற்ற வேண்டும், உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது நான் உனக்கு ஊற்ற வேண்டும். இரண்டு வாரம் நான் மட்டும் இரண்டு பேர் குளியல் குளித்தேன். லைன் முழுக்கச் சிரித்தார்கள். மழை வந்தால் நானும் மேசைமேல் ஏறி உன்னோடு உட்கார்ந்தேன். ஒருநாள் மேசை உடைந்தது, நீ சிரித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்தோங் பாசிருக்குப் போய், குடிசை இருந்த இடத்தைப் பார்த்தோம். ஆ செங் அங்கே கீரை போட்டிருந்தார். ஒரு கட்டு அறுத்து உன் கையில் கொடுத்தார். பிறகு பிடாதாரிக்குப் போய் அம்மாவை அடக்கம் செய்த இடத்தைக் காட்டினேன். ஒரு வருஷம் தாமதமாகப் பள்ளிக்கூடம் சேர்ந்தாய். அதற்கப்புறம் நீ படித்ததும் வளர்ந்ததும் உனக்கே தெரியும்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அந்த அறையில் தொடக்கத்திலேயே மிஸ் நேசம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "வெள்ளம் வந்த அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" "வேலையில" என்றேன். எழுதிக்கொண்டார். துறைமுகத்தில் நீயும் அதையே கேட்டாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படி அருகே நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, அன்னைக்குக் காலைலேந்து மழைதான? மழையில ரோட்டு வேலை நடக்குமா?" என்றாய். "நடந்துச்சு" என்றேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாய். நீ அதை எத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தாயோ. கேட்பதற்குக் கடைசி நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தாய், பதில் எதுவானாலும் நான் உன் முன்னால் நிற்க வேண்டாம் என்று.

நடக்கவில்லை, தம்பி. மழையில் தார் ஒட்டாது. பதினொரு மணிக்கே வண்டியை மூடிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சைக்கிளில் அரைமணி நேரத்தில் வந்திருக்கலாம். காலையில் உன் அம்மா என்னை எதிர்த்துப் பேசிய கோபம் எனக்கு இறங்கவில்லை. கொஞ்சம் தேடட்டும் என்று நினைத்தேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு காப்பிக் கடையில் ரொட்டியும் கறியும் சாப்பிட்டுவிட்டு, கூட்டாளிகளோடு தாம் பலகையில் காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தேன். மூன்று ஆட்டம் ஜெயித்தேன். அதுகூட ஞாபகம் இருக்கிறது. நாலரை மணிக்கு ஒரு டிரைஷா வண்டிக்காரர் உள்ளே வந்து, பொத்தோங் பாசிர் முழுகிவிட்டது என்று சொன்னார். நான் வீட்டில் இருந்திருந்தால் தண்ணீர் வந்திருக்காது என்று சொல்லவில்லை. சப்பாத்தை எடுக்க யாராவது போயிருந்தால் அது நானாக இருந்திருக்கும். எனக்கு நீச்சல் தெரியும், அவளுக்குத் தெரியாது.

உன்னிடம் பாதி உண்மையைச் சொல்லி உன்னைப் பேச வைத்தேன். மீதிப் பாதியைச் சொன்னால் உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். அதனால்தான் நான் உன்னோடு அதிகம் பேசவில்லை. ஒரே அறையில் இருவரும் பேப்பர் படித்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தோம். உனக்கு என் குணம் அது என்று தோன்றியிருக்கும். பேச ஆரம்பித்தால் அது வெளியே வந்துவிடுமோ என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுகல்யாணத்துக்கு ஆட்கள் கேட்டபோதும் அதனால்தான் வேண்டாம் என்றேன். நீ இருந்தும் தனியாகத்தான் இருந்தேன், உன்னையும் தனியாக விட்டேன். அங்கே உன்னிடம் ஒரு தகப்பன் வந்து, அன்று நான் வேலையில் இருந்தேன் என்று சட்டென்று சொன்னால், எழுதிக்கொண்டு விட்டுவிடாதே. இன்னொரு நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடி கேள். அவன் சொல்வதற்குக் காத்திருக்கலாம்.

எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு. இந்த அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குவீன்ஸ்டவுன் பக்கம் அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போடச் சொல்கிறார்கள், ஒரு ஆளுக்குக் கொடுப்பார்களா தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன். நீ இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் எழுதாமல் இருந்தால் எனக்குப் புரியும். எழுதும்போது, நலம் என்று மரியாதைக்கு நாலு வரி வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தை எழுது. வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே, ஏன் போகவில்லை என்று நேராகக் கேள். நான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

அப்பா